பைனாகுலரில் போன் மாட்டும் கிளிப்: எண்ணூர், ரெட்டேரி, பழவேற்காடு சுற்றியபின் எழுதுவது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்தபோது நான் பாலத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடுத்தண்ணீரில் கூழைக்கடாக்கள் மிதந்தன. பைனாகுலரில் பார்த்தால் அவற்றின் மார்பும் சிறகோரமும் கறுத்து, இறகெல்லாம் ஒட்டிப்போயிருந்தது தெளிவாகத் தெரிந்தது. போனை எடுத்துப் பத்துப் பதினைந்து படம் பிடித்தேன். தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினால் சாம்பல் நிறத் தண்ணீர், அதில் நாலைந்து வெளுத்த புள்ளிகள், அவ்வளவுதான். "எங்கடா பறவை?" என்று கேட்டார். கண்ணால் அவ்வளவு துல்லியமாகப் பார்த்த ஒன்றை வீட்டில் இருப்பவருக்குக்கூடக் காட்ட முடியவில்லையே என்பது ரொம்ப நாள் மனதை அறுத்துக்கொண்டிருந்தது.

பறவைப் படம் எடுக்கும் பெரிய லென்ஸ் வாங்க வசதி இல்லை. பைனாகுலரோடு போனைப் பிடித்து வைக்கும் கிளிப் ஒன்று விற்கிறது என்று பிறகுதான் தெரிந்தது, போன அக்டோபரில் வாங்கினேன். இப்போது பிப்ரவரி. வலசைப் பறவைகள் இருக்கும் காலம் முழுக்க, கிட்டத்தட்ட ஒவ்வொரு ஞாயிறும் பயன்படுத்திவிட்டேன், அதனால் தைரியமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் வாங்கிய கதை. ஒரு கடையில் 400 ரூபாய்க்கு, ரப்பர் குழாய் மாதிரி பைனாகுலரில் செருகும் ஒன்றைக் கொடுத்தார்கள். எல்லாப் பைனாகுலருக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்தார்கள். என்னுடையதில் நுழையவே இல்லை, திருப்பியும் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதாக இணையத்தில் 1,150 ரூபாய்க்கு வாங்கியதுதான் இது. பிராண்ட் பெயர் எதுவும் இல்லை. ஒரு பக்கம் போனைக் கவ்வும் ஸ்பிரிங் தாடை, மறுபக்கம் கண் வைக்கும் குழலைக் கவ்வும் இரண்டு பிடிகள், அவற்றை இறுக்க ஒரு திருகு, போனை மேலே கீழே இடம் வலம் நகர்த்திச் சரிசெய்ய ஒரு தண்டவாளம். உடம்பு பிளாஸ்டிக், திருகு மட்டும் இரும்பு.

வாங்குவதற்கு முன் நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். பைனாகுலரின் கண் வைக்கும் பக்கத்தைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, நூலின் நீளத்தை அளந்து, 3.14ஆல் வகுத்துவிடுங்கள். எனக்கு 129 மி.மீ. வந்தது, அப்படியென்றால் விட்டம் 41 மி.மீ. கிளிப்பின் பெட்டியில் போட்டிருக்கும் அளவுக்குள் இது அடங்கவேண்டும். நூல் அளவை முதலிலேயே எடுத்திருந்தால் அந்த 400 ரூபாய் போயிருக்காது.

சரி, எப்படி வேலை செய்கிறது? என் பைனாகுலர் 8×42. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்கக் கண்ணாடி 42 மி.மீ. 80 மீட்டர் தள்ளி நிற்கும் கொக்கு 10 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். நம் கண்ணை வைக்கும் இடத்தில் போன் கேமராவை வைக்கிறோம், அதே காட்சி கேமராவுக்குள் போகிறது. இதில் கவனிக்கவேண்டிய கணக்கு ஒன்று உண்டு, கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. 42ஐ எட்டால் வகுத்தால் 5.25. பைனாகுலரில் இருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் 5.25 மி.மீ. என்று பொருள். போன் கேமராவின் வாய் பொதுவாக அதைவிடச் சிறியது, அதனால் கிளிப் ஒரு மி.மீ. இப்படி அப்படி நகர்ந்தாலும் படம் போய்விடாது. ஆனால் சட்டைப்பைக்குள் போகும் 10×25 பைனாகுலரில் இது வெறும் 2.5 மி.மீ. என் நண்பர் ஒருவர் ஆசையாக அதில் இதே கிளிப்பை மாட்டினார், அரை மணி நேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தும் படத்தில் பாதி இருட்டு, மீதிப் பாதியும் மங்கல். அவரிடம் குறை இல்லை, கிளிப்பிலும் குறை இல்லை. சின்னப் பைனாகுலர் வைத்திருப்பவர்கள் இந்தக் கிளிப்பில் பணம் போடவேண்டாம் என்றுதான் சொல்வேன். 8×42, 8×40, 10×50 இந்த மூன்றில் எது இருந்தாலும் தாராளமாக வாங்கலாம்.

முதல்முறை மாட்டும்போது கழிமுகத்தில் நின்று போராடாதீர்கள், வீட்டு மாடியில் பகல் வெளிச்சத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். போனின் பின்பக்கக் கவரைக் கழற்றிவிடுங்கள், தடிமன் கவர் இருந்தால் கேமரா தள்ளிப்போய், திரையில் காட்சி தெரியும் வட்டம் சுருங்கிவிடும். பைனாகுலரின் ரப்பர் கப்பைக் கண்ணாடி போட்டவர்கள் மடக்குவதுபோல உள்ளே மடக்கிவிடுங்கள். போனில் மூன்று கேமரா இருந்தால் எது முக்கியக் கேமரா என்று ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பாருங்கள், திரையில் எதை மூடும்போது இருட்டுகிறதோ அதுதான். எனக்கு அடுத்து வந்த சிக்கல் வேறு. கிளிப்பை மாட்டியதும் ஏதோ பொருள் மிகக் கிட்டே இருக்கிறது என்று போன் தானாகவே நினைத்துக்கொண்டு, கிட்டப் பொருளை எடுக்கும் கேமராவுக்குத் தாவிவிட்டது, திரை முழுக்கக் கறுப்பு. செட்டிங்கில் மேக்ரோ தானாக மாறுவதை நிறுத்தியபிறகுதான் சரியானது. சில போன்களில் இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் வேறு கேமராவுக்கு மாறிவிடும், அப்படி இருந்தால், கேமராவை நாமே தேர்ந்தெடுக்கவிடும் புரோ மோடில் முக்கியக் கேமராவைப் பிடித்து வைத்துக்கொள்ளவேண்டும்.

படம் எடுத்தால் கறுப்புச் சட்டத்துக்குள் ஒரு வட்டம் மாதிரிதான் முதலில் வரும். பயப்படவேண்டாம், பைனாகுலர் காட்டும் பரப்பைவிடப் போன் கேமரா பார்க்கும் பரப்பு அகலம், அதனால் ஓரம் கறுப்பாகிறது. ஒன்றரையில் இருந்து இரண்டு மடங்கு வரை போனில் பெரிதாக்கினால் கறுப்பு போய்விடும். அதற்கு மேல் பெரிதாக்காதீர்கள், இறகெல்லாம் வாட்டர் கலர் தீட்டியதுபோல ஆகிவிடுகிறது.

வெறும் கையால் பிடித்துப் படம் எடுக்கலாம் என்று விளம்பரத்தில் காட்டுகிறார்கள். என்னால் முடியவில்லை, முடியும் என்று நான் நம்பவும் இல்லை. பைனாகுலர் முக்கால் கிலோ, போன் 200 கிராம், அதுவும் ஒரே பக்கமாகத் தொங்குகிறது, எட்டு மடங்கு பெரிதாகும்போது கை நடுக்கமும் எட்டு மடங்கு பெரிதாகிறது. ட்ரைபாட் கட்டாயம் வேண்டும். பைனாகுலரின் இரண்டு குழல்களுக்கு நடுவே முன்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திருகினால் மரை தெரியும், அதில் மாட்டும் எல் வடிவப் பிடி 350 ரூபாய். எல்லா மாடலிலும் இந்த மரை இருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரைபாட்டில் வைத்தபிறகும் திரையைத் தொட்டால் ஆடும். வால்யூம் பொத்தான் உள்ள சாதாரண ஒயர் இயர்போனை மாட்டி அந்தப் பொத்தானை அழுத்தினால் என் போனில் படம் பிடிக்கிறது, தனி ரிமோட் வாங்கவில்லை.

எண்ணூருக்கு நான் போவது கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் ரயிலில்தான். ஆறரை மணிக்குள் கரையில் இருந்துவிட்டால் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கலாம், வெயில் பின்னால் இருந்து விழும், உள்தண்ணீர்ப் பக்கம் இருக்கும் பறவைகள் முகம் தெளிவாகத் தெரியும். அங்கே நான் கற்றுக்கொண்டது வெளிச்ச அளவு. கொக்கு மாதிரி வெள்ளைப் பறவை என்றால் போன் அதை வெறும் வெள்ளைத் தாளாக்கிவிடுகிறது, நீர்க்காகம் என்றால் மினுங்கும் தண்ணீருக்கு நடுவில் கரித்துண்டாக்கிவிடுகிறது. பறவையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும், பக்கத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சூரியன் படம் வரும், வெள்ளைப் பறவைக்கு அதைக் கீழே இழுங்கள், கறுப்புப் பறவைக்குக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். ஃபோகஸை முதலில் பைனாகுலர் சக்கரத்தில்தான் சரிசெய்யவேண்டும், போனின் ஃபோகஸ் மீதி ஒட்டுப்போடும் வேலையை மட்டும் செய்யும்.

இன்னொன்று, படத்தைவிட வீடியோ நல்லது. 4கே வீடியோவில் ஒவ்வொரு சட்டமும் எட்டு மெகாபிக்சல் அளவு வரும், ஒரு நிமிடம் ஓடவிட்டு அதில் பறவை தலையைத் திருப்பும் நொடியைப் பிடித்து எடுத்துக்கொள்ளலாம். இப்படித்தான் ஒரு சந்தேகம் தீர்ந்தது. மணல்திட்டில் கடற்புறாக்களோடு நின்ற ஒரு பறவையைக் கடற்புறா என்றே இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் கேரட் மாதிரி தடித்த சிவப்பு அலகு, கறுப்புத் தொப்பி. காஸ்பியன் ஆலா. படத்தைப் பார்த்துப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியில் அந்தச் சட்டத்தைப் போட்டதும் அதுவும் அதையே சொன்னது. கண்ணில் வைத்துப் பார்க்கும்போது அது பறந்துவிடுமோ என்ற பதற்றத்தில் அலகைக் கவனிக்கவே இல்லை.

ஆனால் இந்தக் கிளிப்பை நான் பத்திரமாக வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. பைனாகுலரில் ஒருவர்தான் பார்க்கமுடியும், பழக்கம் இல்லாதவரிடம் கொடுத்தால் "ஒண்ணும் தெரியலையே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். திரையில் நாலு பேர் சேர்ந்து பார்க்கலாம். டிசம்பரில் ஒரு நாள் கரையோரம் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த அண்ணன் ஒருவர் எழுந்துவந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். திரையில் பவளக்காலி நின்றது, அதுதான் நெடுங்கால் உள்ளான், குச்சி மாதிரிச் சிவப்புக் கால். "தம்பி, இது தினம் நம்ம வலைகிட்டதான் மேயுது, கால் இவ்ளோ சிவப்புன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். அப்புறம் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு அக்காமாரையும் கூப்பிட்டுக் காட்டினார். சேற்றில் எந்தப் பறவை எந்த நேரத்தில் எங்கே இறங்கும், தண்ணீர் வடியும்போது எந்தத் திட்டு முதலில் தெரியும் என்று அன்று அவர்கள் சொன்னதை வைத்துத்தான் இன்றைக்கும் என் ட்ரைபாட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறேன்.

அப்பாவையும் ஒரு நாள் கூட்டிப்போனேன். கண்புரை அறுவை செய்துகொண்டவர், கையும் நடுங்கும், பைனாகுலரை அவர் கண்ணில் வைத்தாலே கறுப்பாகத்தான் தெரியும். மடக்கு ஸ்டூலில் உட்காரவைத்து, போன் திரையை அவர் முகத்துக்கு நேராகத் தாழ்த்திவைத்தேன். ஒரு கூழைக்கடா தண்ணீருக்குள் அலகை விட்டு அள்ளியது. "பாரு பாரு, தண்ணிய வடியவிட்டுட்டுத்தான் முழுங்குது" என்று அவர்தான் எனக்குச் சொன்னார், நான் அதற்குமுன் கவனித்ததில்லை. முக்கால் மணி நேரம் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவரே போட்டார், வெளியூரில் இருக்கும் அத்தை "இது நம்ம எண்ணூரா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார்கள்.

எண்ணூர் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அனல்மின் நிலையம், துறைமுகம் எல்லாம் சுற்றி இருக்கும் இடம், ட்ரைபாட்டில் பைனாகுலர் வைத்தால் காவலுக்கு இருப்பவர் கட்டாயம் வந்து கேட்பார், கேட்பது அவர் வேலை. என்னிடம் ஒருவர் வந்தபோது திரையில் இருந்த சாம்பல் நாரையைக் காட்டினேன், கட்டடங்கள் பக்கம் திருப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீரை நோக்கியே வையுங்கள், அடையாள அட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

தரமான படம்தான் வேண்டும் என்றால் எண்ணூரைவிட ரெட்டேரி நல்ல இடம். பறவைகள் கரைக்குப் பக்கத்தில் வருகின்றன, 30 மீட்டருக்குள் நீலத் தாழைக்கோழியும் நாமக்கோழியும் முக்குளிப்பானும் கிடைக்கும். தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழியின் நீண்ட விரல்களை அக்கா பொண்ணு திரையில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நோட்டில் வரைந்தாள், ஒவ்வொரு விரலும் அளவாக இருந்தது. சாலைப்பக்கம் லாரி போகும்போது ட்ரைபாட் அதிர்கிறது, லாரி போனபிறகு பொத்தானை அழுத்துங்கள்.

எங்கே இது உதவாது என்றும் சொல்லவேண்டும். காசிமேட்டில் செம்பருந்தும் கரும்பருந்தும் மீன்பிடித் துறைமுகத்துக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கும், அவற்றை எடுக்க இரண்டு காலை முயன்றேன், ஒன்றும் தேறவில்லை. பறக்கும் பறவையைத் திரையில் தேடிப் பிடிப்பதற்குள் அது படகுக்கு அந்தப்பக்கம் போயிருக்கும். அங்கே கிளிப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணால் பாருங்கள். பழவேற்காட்டில் ஜனவரியில் பூநாரைக் கூட்டம் இருந்தது, கரையில் இருந்து அரை கிலோமீட்டர் இருக்கும் என்று நினைக்கிறேன். எட்டு மடங்கில் அந்தத் தூரத்துக்கு ஒரு இளஞ்சிவப்புக் கோடும் அதில் வளைந்த கழுத்துகளும் கிடைத்தன, அலகின் கறுப்பு நுனி தெரியவில்லை. ஒன்பதரை மணிக்குமேல் வெயில் ஏறியதும் தண்ணீருக்கு மேல் காற்று நெளிய ஆரம்பித்துவிட்டது, பிறகு எந்தக் கருவி இருந்தாலும் படம் தண்ணீருக்கடியில் எடுத்ததுபோலத்தான் வரும். அந்தத் தூரத்துக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற ஒற்றைக்குழல் தொலைநோக்கி வேண்டும், அது வேறு விலை. கிட்டே போகலாமே என்று சிலர் படகுக்காரரை வற்புறுத்தினார்கள், கூட்டம் முழுக்க எழுந்து தள்ளிப்போய் இறங்கியது. மேய வந்த பறவையைப் படத்துக்காக எழுப்பிவிடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இந்தக் கிளிப்பே தள்ளி நின்று பார்ப்பதற்காகத்தானே.

கிளிப்பின் உழைப்பு பற்றி. ஸ்பிரிங் தாடை போனின் பக்கவாட்டில் இருக்கும் பவர் பொத்தானை அழுத்திவிடுகிறது, நல்ல நேரத்தில் திரை அணைந்துபோகும். போனைக் கொஞ்சம் நகர்த்தி மாட்டினால் தப்பிக்கலாம், ஆனால் அப்படி நகர்த்தினால் சில போன்களில் கேமரா நடுவுக்கு வராது. ஐந்து மாதத்தில் போனைச் சரிசெய்யும் சின்னத் திருகின் மரை தேய ஆரம்பித்திருக்கிறது, ரொம்ப இறுக்கியது என் தவறாகவும் இருக்கலாம். வெயிலில் தொடர்ந்து வீடியோ எடுத்தால் போன் சூடாகிக் கேமராவை அணைத்துவிடுகிறது, அரை மணிக்கு ஒருமுறை நிழலில் வையுங்கள். எண்ணூர் உப்புக்காற்று கண்ணாடியில் படியும், அதை அப்படியே துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ரப்பர் பல்பால் ஊதி, பிறகு லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணி. சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவே திருப்பாதீர்கள், கண் போய்விடும், போன் கேமராவும் போய்விடும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மொத்தத்தில், பைனாகுலர் ஏற்கெனவே இருப்பவர்களுக்குக் கிளிப் 1,150, எல் பிடி 350 என்று 1,500 ரூபாயில் முடிந்துவிடும், ட்ரைபாட் தனி. இந்தப் பணத்துக்கு எனக்குக் கிடைத்தது முழுத் திருப்தி. பைனாகுலரே இல்லை, புதிதாகத்தான் வாங்கவேண்டும் என்றால் கிளிப்புக்கென்று ஒதுக்கும் பணத்தையும் சேர்த்து நல்ல 8×42 வாங்குங்கள், இரண்டு மாதம் கண்ணால் பார்த்துப் பழகுங்கள், கிளிப் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு கிளிப்புக்கு நடுவே தேர்ந்தெடுக்கவேண்டி வந்தால் இரும்புத் திருகு எத்தனை, பிளாஸ்டிக் திருகு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், விலையைப் பிறகு பார்க்கலாம்.

குழலைக் கவ்வும் பிடியில் ஒட்டியிருந்த ரப்பர் டிசம்பர் கடைசியிலேயே உரிந்துவிட்டது. அதனால் பைனாகுலர் வழுக்கி, வட்டம் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. தெருமுனைப் பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் ட்யூப் ஒரு துண்டு வாங்கி, பிடியின் அளவுக்கு வெட்டி, அவர்களிடம் இருந்த அதே பசையால் ஒட்டினேன். பொங்கலுக்கு முன்னால் ஒட்டியது, இன்றைய தேதி வரை நகரவில்லை.